அய்யாவின் விரிப்பைத் துவைத்த நாள்

படுக்கை விரிப்பை எத்தனை நாளைக்கு ஒரு தடவை துவைக்க வேண்டும் என்று என் பேத்தி கேட்கிறாள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் பிறந்தவள் நான். அங்கே வெயிலுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். ஒரு குடம் தண்ணீருக்கு அரை மைல் நடக்க வேண்டும். துண்டு வாரம் ஒரு முறை நனைந்தால் அதிகம். விரிப்பு எப்போதாவதுதான் நனையும்; ஏன் என்று நான் கேட்டதில்லை.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்துக்கு வாக்கப்பட்டு வந்தால் எல்லாம் தலைகீழ். வீட்டுக்குப் பின்னாலேயே வாய்க்கால். துண்டைத் தினமும் அலசு, விரிப்பை வாரா வாரம் துவை என்று மாமியார் விரட்டுவார். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் அதே மாமியார், "ஏட்டி, அதைத் தொடாத. எங்கன காயப்போடுவ?" என்பார். ஆண்கள் துண்டு மட்டும் குற்றாலம் போய் அருவியில் நனைந்து வரும். "அருவித் தண்ணி பட்ட துண்டுக்கு சவுக்காரம் என்னத்துக்கு?" என்பார். மோந்து பார்த்தால் எண்ணெய்ச் சிக்கு குமட்டும். அது சுத்தமா அழுக்கா என்று எனக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

மூன்றாவது வருஷம் சாரலுக்கு அய்யா வந்தார். என் தகப்பனாரை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். முட்டுவலிக்கு ஒரு மாதம் அருவிக் குளியல் என்று பேர். நான் நாலு கார்டு போட்ட பிறகுதான் அசைந்தார். பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை சாப்பிடவே கூசுகிற மனிதர். தென்காசி ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கி, "ஒரு மாசம் இருந்துட்டுத்தான் போவேன் தாயி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் அந்த ஒரு மாதத்துக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்த மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தது. தெருவே துணியும் கையுமாக வாய்க்காலுக்கு ஓடியது. நான் முதலில் உருவியது அய்யாவின் விரிப்பைத்தான். முட்டுக்குத் தேய்த்த தைலம் அதில் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. மாமியார் மூக்கைச் சுளிப்பதற்குள் துவைத்துவிட வேண்டும் என்று ஒரு பயம். மகள் தண்ணீர்ச் செழிப்பான வீட்டில் வாழ்கிறாள் என்று அவர் பார்க்கட்டுமே என்று கொஞ்சம் பவுசு.

அய்யா ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தார். வெறும் பாயைப் பார்த்தார்.

"விரிப்ப எங்க தாயி?"

"துவைச்சுப் போட்டுட்டேன் அய்யா. வேற எடுத்துத் தாரேன்."

"உங்க அத்தை சொன்னாகளா, நீயாச் செஞ்சியா?"

"நானாத்தான் செஞ்சேன்" என்றேன் பெருமையாக.

"சரி" என்றார்.

மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். சாரல் காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, உங்க அய்யாவுக்கு நாங்க என்ன கொறை வச்சோம்? முகங் கொடுத்துப் பேசாமப் போறாகளே!" வீட்டுக்காரர், "நீ என்ன சொன்னே அவர்ட்ட?" என்றார். நான் என்ன சொன்னேன்? சாப்பாட்டில் குறையா, பேச்சில் குறையா என்று நினைத்து நினைத்து மண்டை காய்ந்தது. விரிப்பு மட்டும் காயவில்லை. துவைத்த அன்று மத்தியானமே சாரல் திரும்பிவிட்டது. அவர் போய் மூன்று நாள் வரை அது கொடியில் சொட்டிக்கொண்டு கிடந்தது.

அந்த மாசியில் பத்து நாள் ஊருக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் அம்மாவிடம் சொன்னேன். விரிப்பு என்றதும் அம்மா தலையில் கை வைத்தாள். "அவுக இருக்கும்போதேவா துவைச்ச? வந்தவுக வண்டியேறின பொறகுல்லா விரிப்ப நனைக்கணும்! இருக்கையில நனைச்சா எந்திரிச்சுப் போன்னுல்லா அர்த்தம்!"

பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். விருந்தாளியின் வண்டி தெருமுக்குத் திரும்பிய பிறகுதான் அம்மா விரிப்பை உருவுவாள். நான் அதைத் தண்ணீர்ப் பஞ்சம் என்றே நினைத்திருந்தேன். மரியாதை என்று ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அய்யாவிடம் ஓடிப் போய்க் கேட்டேன். "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. காலுதான்" என்று சிரித்தார். யாரை நம்புவது? அம்மா சொல்வது நிஜமென்றால் பெற்றவரை நானே வெளியே போகச் சொல்லியிருக்கிறேன். அய்யா சொல்வது நிஜமென்றால் அன்றைக்கு நீயாச் செஞ்சியா என்று ஏன் கேட்டார்?

நாலாம் நாள், நான் படுக்கிற விரிப்பில் ஒரு செம்பு மோரைக் கொட்டிவிட்டேன். நாறிப்போகுமே என்று அதை உருவிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தேன். அய்யா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்து விரிப்பை வாங்கினார். தோளில் கிடந்த துண்டால் மோரை ஒற்றி எடுத்தார். பாயில் அதைத் திரும்ப விரித்து, நாலு மூலையையும் இழுத்துவிட்டார்.

"இப்ப வேண்டாம் தாயி" என்றார். "நீ போன பொறகு துவைச்சுக்கலாம்."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. மிச்சம் ஆறு நாளும் அந்தப் புளித்த வாடையில்தான் படுத்திருந்தேன். விரிப்பை யாரும் தொடவில்லை.