கண்ணில் படாத நாய்கள்

நாய் என்றால் எனக்குப் பயம். அந்தப் பயத்தோடுதான் நாய்களை எண்ணும் வேலைக்குச் சேர்ந்தேன். புள்ளிவிபரவியல் படித்தவள் என்பதால் பதுளையில் ஓர் அறைக்குள் கணினியின் முன் உட்கார வைப்பார்கள் என்று நம்பினேன். நாடு முழுவதும் எத்தனை நாய்கள் இருக்கின்றன, எத்தனைக்குத் தடுப்பூசி போட்டால் விசர் நோய் அடங்கும் என்று கணக்கிடும் திட்டம் அது. ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீடுகள்தோறும் நடந்து தமிழில் பேச ஆள் போதவில்லை. மூன்றாவது வாரமே என்னைப் பூனாகலைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவரை நாய் கடித்தது. சின்னக் காயம். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளே மலைக்கு வேலைக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், தண்ணீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் அவருக்குத் தொண்டை இறுகி உடம்பு துள்ளியது. தாகத்தில் தண்ணீர் கேட்டார், கொடுத்தால் அலறினார். வாசலில் நின்று பார்த்த என்னை அம்மா இழுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் அவர் இறந்துவிட்டார்.

என்னோடு வந்தவர் ஹாலிஎலையைச் சேர்ந்த வலைக்காரர். நாயை வலை வீசிப் பிடித்து, ஊசி போட்டு, தலையில் நீலச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து விடுவார். மறுநாள் காலையில் நாங்கள் அதே பாதையில் நடந்து, கண்ணில் படும் நாய்களில் நீலக் கோடு உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று குறித்துக்கொள்வோம். அந்த விகிதத்திலிருந்து கண்ணில் படாத நாய்களையும் சேர்த்து மொத்தத்தை மதிப்பிடலாம். எல்லா நாயும் கண்ணில் படுவதற்கு ஒரே அளவு வாய்ப்பு உண்டு என்பது கணக்கின் அடிப்படை. ஒரு தோட்டத்தில் கிடைக்கும் எண்ணை வைத்துத்தான் அதுபோன்ற மற்றத் தோட்டங்களுக்கும் கொழும்பில் கணக்குப் போடுவார்கள்.

பூனாகலைப் பக்கம் நாங்கள் போன தோட்டத்தில் முதல் நாளே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஐந்து லயங்கள், வீட்டுக்கு வீடு சோற்றுப் பருக்கை கிடக்கும் வாசல். ஆனால் ஊசிக்கு வந்தவை ஏழே நாய்கள். குரைப்புச் சத்தம்கூட இல்லை.

"எல்லாம் எங்க போச்சு அண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியல மிஸ்," என்றார் வலைக்காரர். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலை பனிமூட்டம். மூன்றாவது லயத்தின் பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த கொட்டிலைத் தாண்டும்போது ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாய் சத்தமே போடாமல் வந்து என் கெண்டைக்காலைக் கவ்வியது. நான் கத்தியதும் விட்டுவிட்டுத் தேயிலைக்குள் ஓடி மறைந்தது. ஒரு நொடிதான். அதற்குள் நான் பார்த்தது ஒன்றுதான்: அதன் தலையில் நீலக் கோடு இல்லை.

வலைக்காரர் என்னைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு இழுத்துப்போய் உட்காரவைத்து, சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே கழுவினார். குளிர்ந்த நீர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

பதுளை ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நேரத்துக்கு வந்துவிட்டேன், தவணை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டால் பயப்படத் தேவையில்லை. பிறகு கேட்டார், "யார் வீட்டு நாய்? அதைக் கட்டிப்போட்டு பதினாலு நாள் பாருங்க. அதுக்கு ஒண்ணும் ஆகலன்னா உங்களுக்கும் மனசு நிம்மதி."

மறுநாள் வலியோடு திரும்பிப் போனேன். கதவு கதவாகத் தட்டினேன். "பழுப்புப் பெட்டையா? எங்க லயத்துல அப்படி நாயே இல்ல மிஸ்." எல்லா வீட்டிலும் ஒரே பதில். கடைசி வீட்டில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. எங்கள் லயத்தில் தண்ணீர் குடிக்க முடியாமல் இறந்தவரைப் பற்றி, நின்ற இடத்திலேயே சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்றே தெரியாமல் அழுதேன்.

பஸ்ஸுக்காக, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தருகே நின்றபோது ஒரு பெண் வந்தார். கொழுந்துக் கூடையை இன்னும் இறக்கவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"நாயக் காட்டினா தலைய வெட்டிட்டுப் போவீங்களா?"

"யாரு அக்கா அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லத் தேவையில்ல. நான் சின்னப்புள்ளையா இருக்கிறப்ப இப்படித்தான் புத்தகத்தத் தூக்கிட்டு வந்து எண்ணிட்டுப் போனாங்க. அடுத்த நாள் விஷம் வச்சாங்க. எங்க நாய ட்ராக்டர்ல தூக்கிப் போட்டத நான் பார்த்தேன்."

பொய் சொல்லியிருந்தால் உடனே நாயைக் காட்டியிருப்பார். ஆனால் வாயில் உண்மைதான் வந்தது. "நாங்க கொல்ல வரலக்கா, ஊசி போடத்தான் எண்ணுறோம். ஆனா கட்டிப்போட்ட பிறகு அதுவா செத்துச்சுன்னா, விசரான்னு பார்க்க தலைய அனுப்பத்தான் வேணும். அத மறைக்க மாட்டேன்."

அவர் என் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, "வாங்க" என்றார்.

விறகுக் கொட்டிலின் அடியில், பழைய சாக்கு விரித்த குழியில் அது படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டி நான்கு குட்டிகள். நான் நடந்துபோன பாதையிலிருந்து மூன்றடி தூரம்தான் இருக்கும். என்னைக் கண்டதும் உதடு சுருங்கிப் பல் தெரிந்தது. நான் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"குட்டி போட்டவ மிஸ். அதான் கடிச்சிருக்கா," என்றார்.

இருக்கலாம். ஆனால் குட்டி போட்ட நாய்க்கு விசர் வராது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கட்டிப்போட்டுப் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும் தினமும் போன் எடுப்பார். "சாப்பிட்டா மிஸ்," அவ்வளவுதான். நான் ஒவ்வொரு காலையும் எழுந்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். நோய் அவ்வளவு சீக்கிரம் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அன்றைய வேலையைத் தொடங்குவேன். தவணை ஊசிகளைப் போட்டுக்கொண்டேன். அறிவுக்குப் புரிந்தது பயத்துக்குப் புரியவில்லை.

ஆறாம் நாள் போன் வரவில்லை. நான் எடுத்தபோதும் மணி அடிக்கவில்லை. அடுத்த நாள் காலை மழை கொட்டியது. மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தார்கள். மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு இந்தப் பக்கத்தில் அதை யாரும் லேசாக எடுப்பதில்லை. பாதித் தூரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மீதியை நடந்தேன். மேலே மண்மேடு, கீழே பள்ளம். ஆனால் என் மனமெல்லாம் அந்தக் கொட்டிலில்தான் இருந்தது.

அந்தப் பெண் வாசலிலேயே நின்றார். "கரண்ட் இல்ல மிஸ், போன் செத்துப்போச்சு." பிறகு தயங்கினார். "நேத்துல இருந்து சாப்பிடல. ஒரு குட்டி செத்துருச்சு."

கொட்டிலுக்கு முன்னால் மழையிலேயே குந்தினேன். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன். நாய் அசையவில்லை. என்னையே பார்த்தது. வாயில் நுரை இருக்கிறதா, தாடை தொங்குகிறதா என்று இருட்டுக்குள் தேடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அது எழுந்து, சங்கிலி இழுபட நடந்து வந்து தட்டில் வாய் வைத்தது. சளக் சளக் என்று குடித்தது. முழுத் தட்டையும் குடித்துவிட்டு விளிம்பையும் நக்கியது.

"குடிச்சிட்டா," என்றார் அந்தப் பெண். அவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறார். என் தோளில் கை வைத்து, "உள்ள வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றார்.

பதினைந்தாம் நாளும் அது உயிரோடு, மூன்று குட்டிகளோடு, என்னைக் கண்டு உறுமிக்கொண்டு இருந்தது.

கொழும்பில் கணக்குப் போடும் அதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன்: அந்தத் தோட்டத்தின் எண் தப்பு, நாய்களை மறைத்து வைத்திருக்கிறார்கள். எத்தனை மறைத்தார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப மறுபடி எண்ணத்தான் வேணும்," என்றார்.

இரண்டாம் முறை வலையை வாகனத்திலேயே விட்டுவிட்டுப் போனோம். முதலில் பெண்கள் மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் பேசினேன். எதற்கு எண்ணுகிறோம், சாயம் எதற்கு, கடித்தால் என்ன செய்ய வேண்டும். என்னை விட அதிகம் பேசியது அந்தப் பெண்தான். மறுநாள் காலை அவரே பெட்டையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரிசையில் முதலில் நின்றார். பின்னால் கட்டிலுக்கடியிலிருந்தும் கோழிக்கூட்டிலிருந்தும் குளியலறையிலிருந்தும் நாய்கள் வெளியே வந்தன. முதல் தடவை வந்ததைப்போல மூன்று மடங்கு இருக்கும். வலைக்காரருக்கு மருந்து போதாமல் பதுளைக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனோம். அங்கும் முதலில் பேசிவிட்டுத்தான் தொடங்கினேன். அப்படியும் இரண்டு வீடுகளில் கதவுக்குப் பின்னால் நாய் பிறாண்டும் சத்தம் கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை. படிவத்தின் கீழே, குறிப்பு எழுதும் இடத்தில், இரண்டு வீடுகளில் கண்ணில் படாத நாய்கள் உண்டு என்று எழுதி வைத்தேன்.