மூன்றாம் மாடி ஜன்னலும் வெண்டலின் கைப்பட்டையும்

வெண்டல் கோசிக்கை ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. சொந்த அக்கா மகள் கல்யாணத்திலேயே என்ன செய்தார் தெரியுமா? மாப்பிள்ளை மோதிரம் போடும்போது பெண்ணின் விரல் லேசாகச் சிவந்தது. அவ்வளவுதான். மனுஷர் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து போய், "கண்ணு, வலிக்குதா? நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டார். பாதிரியார் வாயைத் திறந்தபடி நின்றார். மாப்பிள்ளை வீட்டார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. வாரம் முழுக்க சிகாகோ பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிறவர், சனிக்கிழமை ஆனால் நங்கூரம் கிளப்பில் காவல். நங்கூரம் என்பது தோல் உடுப்புக்காரர்களின் கிளப். கட்டிப்போடுவதிலும் கட்டுண்டு கிடப்பதிலும், சவுக்கிலும் சங்கிலியிலும் சுகம் காண்கிறவர்கள், வயது வந்தவர்கள், மனசொத்துக் கூடுகிற இடம். கட்டிடம் ஒரு காலத்தில் ஊறுகாய்த் தொழிற்சாலை. மழை பெய்தால் இப்போதும் வினிகர் வாடை வரும். அங்கே இடது கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டிக்கொண்டு, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது வெண்டலின் பொறுப்பு. கல்யாண வீட்டில் தான் சாப்பிடாமல் பந்தி விசாரிக்கிற ஆள் ஒருவர் இருப்பாரே, அந்த ரகம். ஒரு பையில் கயிறு வெட்டக் கத்திரிக்கோல், இன்னொரு பையில் சாக்லேட், வாயில் எந்நேரமும் "தண்ணி குடிச்சியா?"

புதிதாகக் காவலுக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதும் அவர்தான்.

"வாயைக் கட்டிக் கிடக்கிறவன் போதும்னு எப்படிச் சொல்லுவான்? கையில இருக்கிற பந்தைக் கீழ போடுவான். மணி ஆட்டுவான். தரையைத் தட்டுவான். எதையாவது பண்ணுவான். சைகை வந்த நொடியே எல்லாம் நிக்கணும். கண்ணைப் பொடனியில வெச்சுக்கிட்டு அதைக் கோட்டை விட்டவன், பட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போயிட்டே இருக்கணும். அப்புறம் பேச்சே கிடையாது."

வெறும் பேச்சு என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டத்தைக் காட்டி இரண்டு பேர் பட்டையைப் பிடுங்கியும் இருக்கிறார். அதில் ஒருவன் அவருடைய உயிர்ச் சிநேகிதன். இன்று வரைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

இதெல்லாம் சனிக்கிழமைச் சமாச்சாரம். கிளப்பின் உயிர் செவ்வாய்க்கிழமையில் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன எய்ட்ஸ் நோய்க் காலத்தில், ஆள் ஆளாய்ச் சரிந்தபோது, பெற்றவர்களே ஆஸ்பத்திரிப் படி ஏறாமல் இருந்துவிட்டார்கள். வெண்டலும் நாலு பேரும் பெரிய பானையில் சூப் காய்ச்சித் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக அலைந்தார்கள். ஸ்பூனால் ஊட்டினார்கள், கண்ணை மூடிவிட்டார்கள். அன்றைக்கு ஏற்றிய அடுப்பு அணையவில்லை. செவ்வாய் சாயங்காலம் ஆனால் நோயாளிகள், வயசாளிகள், கேட்க நாதியில்லாதவர்கள் என்று நாற்பது பேருக்கு அந்த ஹாலில்தான் இலை, அதாவது தட்டு. அதற்கான செலவுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீர் விருந்து வைத்து வசூல் செய்வார்கள்.

சாயங்காலம் விருந்து முடிந்ததும் எல்லோரும் கம்பி நீட்டிவிடுவார்கள். காலி பாட்டில்களைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிப் போய், பின்சந்தில் இருக்கும் இரும்புத் தொட்டியில் கொட்டுவது வெண்டல்தான். "அப்படியே போட்டுட்டுப் போனா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?" என்பார். சந்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல். அவர் பாட்டிலைக் கொட்டும்போதெல்லாம் அங்கே விளக்கு எரியும், அணையும், எரியும், அணையும். வெண்டல் நிமிர்ந்து பார்த்து, சந்தோஷமாகக் கையாட்டிவிட்டு, அடுத்த பெட்டியைக் கொட்டுவார்.

"இந்தத் தெருவுல நம்மளைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பாத ஜீவன் அது ஒண்ணுதான்," என்று கிளப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். "விளக்கைப் போட்டு வணக்கம் சொல்லுதுப்பா!"

அந்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் இடி விழுந்தது. கிளப்பால் தொல்லை என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். வார்டு கவுன்சிலர் பச்சேகோ, தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டு இரு தரப்பையும் விசாரிப்பதாக ஆள் அனுப்பினார். லைசென்ஸ் போனால் ஹால் போச்சு. ஹால் போனால் அடுப்பு போச்சு. அந்த நாற்பது பேர் செவ்வாய்க்கிழமை எங்கே போய் நிற்பார்கள்?

கிளப் தலைவி லொரெய்ன் கொதித்துப் போனாள். வாரநாளில் பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிறவள். சனிக்கிழமையில் பத்தடி தள்ளி நின்று சவுக்கு நுனியால் மெழுகுவத்தியை அணைப்பாள்.

"ஒழுக்கம், பண்பாடுன்னு ஆரம்பிப்பாங்க. நாம உரிமையைப் பேசுவோம். ஒருத்தரும் தோல் போட்டுட்டு வரக் கூடாது. சட்டை, டை! வெண்டல், நீதான் பேசற."

"எனக்கு நாலு பேரு முன்னாடி பேச வராதும்மா."

"யோவ், நாப்பது பேரு அம்மணமா நின்னாலும் அதட்டி உருட்டுவே, உனக்குப் பேச வராதா?"

"அது வேற."

"என்ன வேற? இங்க எல்லாரும் துணி போட்டிருப்பாங்க, அவ்வளவுதான். உன் மூஞ்சிதான்யா எல்லார் வீட்டுச் சித்தப்பா மாதிரி இருக்கு. மறுபேச்சு பேசாத."

கூட்டத்தன்று நங்கூரத்துக்காரர்கள் ஐம்பது பேர் கறுப்பு சூட்டில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். யார் வீட்டுச் சாவு என்று ஒரு கிழவர் விசாரித்தார். டை கட்டத் தெரிந்த ஒருவன், கழுத்தில் கிடந்த நாய்ப்பட்டையைக் கழற்ற மறந்து அதன் மேலேயே டையைக் கட்டியிருந்தான். லொரெய்ன் எழுதிக் கொடுத்த நாலு பக்க உரையோடு வெண்டல் மைக் முன்னால் போய் நின்றார்.

புகார் கொடுத்தவரை கவுன்சிலர் கூப்பிட்டார். கம்பளித் தொப்பி போட்ட ஒரு சின்ன அம்மாள் எழுந்து முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயர் ஹலீனா ட்ராஸ்ட். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "எங்களை நிம்மதியா இருக்க விட மாட்டீங்களா?" என்று கத்தினான். இன்னொருவன் எழுந்தான். லொரெய்னே எழுந்துவிட்டாள். ஒரே கூச்சல், கவுன்சிலர் மேஜையைத் தட்டத் தட்ட யாரும் கேட்பதாக இல்லை.

மைக் முன்னால் நின்ற வெண்டல் உரையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளைப் பார்த்தார். கைப்பையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. உதடு காய்ந்திருந்தது. உரை, உரிமை எல்லாம் அவர் தலையிலிருந்து காணாமல் போயிற்று.

"நிறுத்துங்க எல்லாரும்!"

சனிக்கிழமைக் குரல் அது. ஐம்பது பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். கவுன்சிலரும் உட்கார்ந்துவிட்டார், பாவம்.

வெண்டல் அந்த அம்மாளுக்கு முன்னால் போய்த் தரையில் முழங்காலிட்டார். பயந்தவர்களுக்கு மேலாக நிற்கக் கூடாது என்பது அவர் நடத்தும் பாடம்.

"அம்மா, என் பேரு வெண்டல். பக்கத்துல இருக்கலாமா?"

அவள் தலையாட்டினாள். தண்ணீர் வந்தது. பையிலிருந்து சாக்லேட் வந்தது.

"மெதுவா. இங்க உங்க சம்மதம் இல்லாம ஒண்ணும் நடக்காது. உங்களால தாங்கவே முடியாதது எது? அதை மட்டும் சொல்லுங்க."

"அடப்பாவி, எதிராளிகிட்டயே போய்க் கேக்கிறானே," என்று லொரெய்ன் தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மாள் சாக்லேட்டை மென்று விழுங்கினாள். "பாட்டில்," என்றாள்.

"என்னம்மா?"

"பாட்டில்ப்பா! நான் பேக்கரியில ரொட்டி போடறவ. விடியறதுக்கு எவ்வளவோ முன்னாடி எந்திரிக்கணும். சாயங்காலமே படுத்தாதான் எனக்குத் தூக்கம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, கண்ணசந்தேனோ இல்லையோ, ஒருத்தன் வந்து என் தலைமாட்டுல கண்ணாடியைக் கொட்டறான்."

லொரெய்னால் பொறுக்க முடியவில்லை. "அப்ப சவுக்கு, சங்கிலி, அதெல்லாம்?"

"அது உங்க பாடு. அந்தச் சத்தம் என் வீட்டுக்குக் கேக்கலையே!"

கூட்டம் சிரித்தது. வெண்டலும் சிரித்தார். "நிறுத்துன்னு சொல்லியிருக்கலாமே அம்மா," என்றார்.

"சொல்லாம இருப்பேனா? கதவைத் தட்டப் பயம், உங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் பீரோ மாதிரி இருக்காங்க. ஜன்னல்ல நின்னு விளக்கைப் போட்டுப் போட்டு அணைச்சேன். அந்தக் கடங்காரன் என்ன பண்ணுவான் தெரியுமா? என்னைப் பார்த்து ஈன்னு இளிச்சுக் கையாட்டிட்டு, அடுத்த பெட்டியைக் கொட்டுவான்!"

ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நங்கூரத்துக்காரர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஐம்பது தலையும் வெண்டல் பக்கம் திரும்பின.

அவருக்கு முகத்தில் ரத்தம் இல்லை. ஊரெல்லாம் சைகை பார்க்கச் சொல்லிக் கொடுத்த மனுஷன்!

"அந்தக் கடங்காரன் நான்தாம்மா."

சூட்டுப் பைக்குள் கையை விட்டார். ஆரஞ்சுப் பட்டையை அன்றைக்கும் வீட்டில் வைத்துவிட்டு வர மனசு வரவில்லை. அதை எடுத்து அவள் மடியில் வைத்தார். "சைகையைக் கோட்டை விட்டவன் இதை வெச்சிருக்கக் கூடாது. எங்க சட்டம்."

"இதை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது?"

லொரெய்ன் எழுந்தாள். அவள் குரலும் இறங்கியிருந்தது. "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பத் திருப்பிக் கொடுங்கம்மா. அதுவரைக்கும் அவரு காவல் நிக்க முடியாது."

பாட்டிலை மறுநாள் மத்தியானம், போர்வையில் சுற்றி, ஒவ்வொன்றாகப் போடுவதாக ஒப்பந்தமாயிற்று. புகார் வாபஸ். லைசென்ஸ் கிடைத்தது. நாலு பக்க உரையை லொரெய்ன் இன்னும் வைத்திருக்கிறாள்.

அப்புறம்தான் வெண்டல் பட்ட பாடு. முதல் காரியமாகப் பழைய சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி, பட்டை இல்லாத கையைக் காட்டினார். அவன் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டதாம். ஆனால் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தான். சனிக்கிழமைகளில் வெண்டலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் போய், கனமான பை தூக்குகிறவர்களிடமெல்லாம் "கை மரத்துப் போச்சா?" என்று கேட்டுத் திட்டு வாங்கினார்.

ஹலீனா அம்மாளோ செவ்வாய்க்கிழமைகளில் விற்காத ரொட்டியைச் சுமந்துகொண்டு வர ஆரம்பித்தாள். ஸ்வெட்டர் மேல் ஆரஞ்சுப் பட்டை. பந்தியைச் சுற்றி வந்து, "தண்ணி குடிச்சியா?" என்று பீரோக்களை மிரட்டினாள். வெண்டலின் சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு பத்தல," என்பாள். பட்டையைப் பற்றி மூச்சு விடமாட்டாள். அவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

பனிக்காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தாள். சீக்கிரமே இருட்டியிருந்தது. சமையலறையில் காலியான பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்று வழியை அடைத்துக் கிடந்தது. வெண்டல் அதைப் போர்வையில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, சந்தில் அடிமேல் அடி வைத்துப் போனார். தொட்டிக்குள் போடக்கூட இல்லை. பக்கத்தில் வைக்கத்தான் குனிந்தார்.

மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

வெண்டல் குனிந்தவர் குனிந்தபடி நின்றுவிட்டார். மூச்சும் விடவில்லை.

ஜன்னல் திறந்தது. "என்னப்பா, முதுகு பிடிச்சுக்கிச்சா?"

"நீங்க நிறுத்தச் சொன்னீங்கம்மா."

"நான் எங்க நிறுத்தச் சொன்னேன்? வணக்கம் சொன்னேன்ப்பா!"

வெண்டல் அசையவில்லை. அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பறந்து வந்து அவர் பிடரியில் விழுந்தது.

"கட்டிக்க," என்றாள் ஹலீனா அம்மாள். "இப்பதான் உனக்குக் கண்ணு தெரியுது."

பிடரியில் பட்டை, கையில் ஜாடி. அழுகையும் சிரிப்புமாக வெண்டல் கேட்டார்:

"இப்ப நிமிரலாமாம்மா?"