காளியம்மாளை இறங்கக் கூடாத நாளில் இறக்கினேன்

1. வைகையில் தண்ணீர் கேட்டவர்கள்

சென்னை அலுவலகத்திலிருந்து மேனேஜர் போன் செய்தபோது, முதுகுளத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் நின்று நாரைக் கூடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த சனிக்கிழமை பன்னெண்டு பேர் வர்றாங்க. காலையில பேர்ட் வாட்சிங், மத்தியானம் ரிவர் ஸ்நார்கெல்லிங், கண்ணாடி மாட்டி ஆத்துக்குள்ள மீன் பாக்குறது. உங்க ஊர்ல வைகை இருக்குல்ல?"

"இருக்கு சார். தண்ணிதான் இல்ல."

சிரிப்பார் என்று நினைத்தேன். "அப்ப எங்க தண்ணி இருக்கோ அங்க வைங்க" என்று போனை வைத்துவிட்டார்.

ராமநாதபுரத்தில் இருபத்திரண்டு வருடம் டூர் கோ-ஆர்டினேட்டராக இருந்தவன் நான். ஐட்டினரி, அதாவது எந்த நாள் எங்கே என்று பயணத் திட்டம் போடுவதுதான் வேலை. எங்களுடையது மிளகாய்க் காட்டுக் குடும்பம். எந்தக் கண்மாயில் எப்போது கூழைக்கடாப் பறவை இறங்கும் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் தண்ணீர் இருந்தது கடலில்தான், கடல் எனக்குத் தெரியாது. அதை மேனேஜரிடம் சொல்ல வெட்கப்பட்டேன்.

2. காலில் கட்டிய தட்டு

திருப்புல்லாணி தாண்டி ஒரு கடற்கரை ஊரில் காளியம்மாளைக் கண்டுபிடித்தேன். கடலில் முங்கி, பாறையில் வளரும் கடல்பாசியைப் பறித்து விற்கிறவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, துடுப்புப் போல உந்துவதற்குப் பாதத்தில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார். அவர் பாசிக்கு இறங்கிய ஒரு நாளில் ட்ரயலுக்கு என்னையும் இறக்கிப் பாறையிடுக்கில் ஒரு கடல்குதிரையைக் காட்டினார். அத்தனை வயதுக்கு நான் பார்த்த முதல் கடல்குதிரை அதுதான்.

"காளியம்மா, சனிக்கிழமை பன்னெண்டு பேரு வாராக. நீதான் கைடு."

அவர் விரல் விட்டு எண்ணினார். "அன்னைக்கு ஏலாதுண்ணே. அமாவாசைய ஒட்டி ஆறு நாளு, பௌர்ணமிய ஒட்டி ஆறு நாளு, அம்புட்டுத்தான் எறங்குவோம். மத்த நாளு பாசி வளரணும்ல. ஒருத்தியும் தண்ணியில கால் வைக்கமாட்டோம்."

"நீ பாசியா எடுக்கப்போற? மீனக் காட்டத்தான போற?"

"அத எங்கூட வாரவளுக நம்பணுமே."

எந்த அதிகாரியும் போட்ட விதியில்லை அது. அந்தப் பெண்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டது. மீறினால் பாசிக்குச் சேர்ந்து போகும் படகில் இடம் கிடையாது.

தேதியை மாற்ற முடியுமா என்று நான் சென்னைக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வார்த்தையை விட்டேன். "கம்பெனியில ஒன்னைய நிரந்தரமா கைடாப் போடச் சொல்றேன். அதுக்கு நான் பொறுப்பு."

விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தார். பாசிப் பாறை கிழித்த தழும்புகள் அவர் விரலெல்லாம் இருந்தன. "நீங்க சொல்றீகன்னு வாரேண்ணே" என்றார்.

3. விரித்துக் காட்டிய கை

சனிக்கிழமை எல்லாம் பிரமாதமாக நடந்தது. காலையில் பறவைகள் ஏமாற்றவில்லை. மத்தியானம் மீனைப் பார்த்துவிட்டு விருந்தாளிகள் குழந்தைகளைப் போலக் கத்தினார்கள். அலுமினியத் தட்டைக் கையில் வாங்கிச் செல்பி எடுத்தார்கள்.

கரையேறியபோது காளியம்மாளோடு ஒரே படகில் போகும் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மூத்தவரான ராக்கு மட்டும் பேசினார்.

"ஏடி காளி, இன்னைக்கு என்ன நாளு?"

"பாசி எடுக்கலக்கா. இந்தா, கையப் பாருங்க." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு இழை பாசி இல்லை.

"கண்ணாடியப் போட்டு எறங்குனா எறங்குனதுதான். இன்னைக்கு நீ மீன் காட்ட எறங்குவ. நாளைக்கு இன்னொருத்தி வேற ஒண்ணு சொல்லிக்கிட்டு எறங்குவா. வார தீவாளி வரைக்கும் ஒனக்குப் படகுல எடமில்ல."

நான் குறுக்கே போனேன். "தப்பு என்னுதும்மா. நாந்தான் கூப்பிட்டேன்."

"நீங்க கூப்புடுவீக. அப்பறம் வண்டியேறிப் போயிருவீக" என்றார் ராக்கு.

அப்படித்தான் நடந்தது. பன்னிரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

4. நல்ல பெயர்

காளியம்மாளுக்கு வேலை கேட்டு மெயில் போட்டேன். டைவிங் சர்டிபிகேட் இல்லாத ஒருவரை வைத்தால் இன்சூரன்ஸ் செல்லாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வெளியூரிலிருந்து சர்டிபிகேட் உள்ள ஒருவரைப் போட்டார்கள். அவருக்கு அந்தக் கடல்குதிரை இருக்கும் இடம் தெரியாது. தட்டு கட்டிய காளியம்மாளின் பாதம் கம்பெனி வெப்சைட்டில் முதல் படமாக வந்தது. பெயர் போடவில்லை. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. வெட்கமில்லாமல் வாங்கி பைலில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். கருவேல விறகைச் சுட்டுக் கரியாக்கும் மூட்டத்தில் காளியம்மாள் வேலை செய்துகொண்டிருந்தார். கை முழங்கை வரை கரி.

"வேல என்னண்ணே ஆச்சு?"

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். "பேசிக்கிட்டு இருக்கேன்மா" என்று வாயில் வந்தது.

"சரிண்ணே" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். தேதி போடுவதற்கு முன், அந்தத் தண்ணீரில் பிழைப்பவர்களிடம் நாள் கேளுங்கள். உங்கள் கையில் இல்லாத வேலையைத் தருவதாக யாரிடமும் சொல்லாதீர்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. அந்த வேலை வராது என்று காளியம்மாளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.