சோறு ஆறும்வரை

கண்டாவளைப் பக்கத்தில் நெல் விதைக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் இளையதம்பியர் வீசிய வயலில்தான் பயிர் ஓரிடத்தில் அடைசலாகவும் ஓரிடத்தில் மொட்டையாகவும் வராது. ஐம்பத்துமூன்றில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி இராசமலரோடு வந்தவர். அடுத்த காணி என்னுடையது. நான் அவருக்கு உழுது கொடுப்பேன், அவர் எனக்கு விதைத்துத் தருவார். அதனால் நாலு வருஷம் கழித்து அவருடைய கை பழுதானபோது என் வயலும் விதைப்பில்லாமல் கிடக்கும்போல இருந்தது.

முதலில் முதுகுநோதான் வந்தது. ஆனி மாதம், சைக்கிளில் துணிமூட்டை கட்டி வரும் சீனாக்காரர் வழக்கம்போல அவருடைய கொட்டிலில் ஒரு கிழமை தங்கினார். இளையதம்பியர் கூனிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சி காட்டினார். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் இருவரும் பாலை மரத்தடியில் நிற்பார்கள். முழங்காலைச் சற்று மடித்து, பெரிய பானையை அணைப்பதுபோல் கைகளை வைத்து, கண்ணை மூடி, மூச்சை மெல்ல வயிறுவரை இழுத்து விட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்றாம் நாளே மனிதர் நிமிர்ந்து நடந்தார்.

பிழை எங்கே நடந்ததென்றால், குசினியிலிருந்து இராசமலர், "இஞ்சாருங்கோ, சோறு போட்டாச்சு, ஆறப்போகுது" என்று கூப்பிட்ட உடனே இவர் கண்ணைத் திறந்து கிணற்றடிக்கு நடந்துவிடுவார். சீனாக்காரர் பின்னாலிருந்து, "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" என்று கத்துவார். "மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்" என்பார் இவர். ஏழாம் நாள் சீனாக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் மிச்சமாகவே நின்றது.

இவர் தனியாகப் பயிற்சியை விடாமல் செய்தார். ஆவணியில் கை ஆடத் தொடங்கியது. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே வலது கை தானாக எழும்பி வீசும். தோள் குலுங்கும். பயந்துபோய்ப் பயிற்சியை நிறுத்தினார். முதுகுநோ திரும்பி வந்தது, கையாட்டமோ போகவில்லை.

"தொடங்கத் தெரியுது, நிப்பாட்டத் தெரியேல்லையே! இது என்ன சனியன்!" என்று கதிரையைத் தூக்கி எறிந்தார்.

பரியாரியாரைக் கூட்டிவந்தோம். அவர் நாடி பார்த்துக்கொண்டிருந்தபோது இராசமலர் கதவு நிலையில் நின்று, "அந்த மனுசன் பிறகும்..." என்று தொடங்கினா.

"நீர் சும்மா இரும்" என்றார் இளையதம்பியர். நானும் என் பங்குக்கு, "அக்கா, பரியாரியாருக்குத் தேத்தண்ணி வையுங்கோ" என்றேன். பரியாரியார் எண்ணெய் தந்தார். எண்ணெய் பூசிய கை இன்னும் வழுக்கிக்கொண்டு ஆடியது.

புரட்டாதியில் புழுதி விதைப்பு. மழைக்கு முன் விதை மண்ணுக்குள் போக வேண்டும். என் வயலில் இறங்கி நாலு எட்டு வைத்தார், கை கிளம்பிவிட்டது. கடகம் கவிழ்ந்து நெல் ஒரே இடத்தில் கொட்டுண்டது. அம்மன் கோவில் பூசாரி மயில்வாகனத்தார் எங்கிருந்துதான் கண்டாரோ, வேப்பிலையும் கற்பூரமுமாக ஓடிவந்தார். பின்னால் பத்துப் பேர்.

"தாயே, மழை எப்ப வரும், சொல்லு தாயே!"

"எனக்கென்ன தெரியும்! எழும்பிப் போங்கோவன் எல்லாரும்!" என்று இவர் கத்தினார்.

"அம்மன் கோவமா இருக்கிறா" என்று சனம் விழுந்து கும்பிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கற்பூரத் தட்டைத் தட்டிவிட்டிருப்பேன். என் விதைநெல் மண்ணில் குவிந்து கிடக்கிறது, இவர்களுக்கு வாக்குக் கேட்கிற அவசரம்!

அன்று பின்னேரம் இளையதம்பியர் முற்றத்தில் குந்தி, வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "இனி ஆர் என்னை விதைக்கக் கூப்பிடப்போகினம்? அந்தச் சீனாக்காரரும் இனி அடுத்த ஆனிக்குத்தான் வருவார். கடிதம் போடவும் பேர் தெரியாது. இத்தனை வருசம் வந்து போன மனுசன்ர பேரை ஒருத்தரும் கேக்கேல்லையே!"

இராசமலர் அரிசி புடைப்பதை நிறுத்தினா. சுளகை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தா.

"கண்ணை மூடிக்கொண்டு நிண்டது நீங்கள். சோத்துக் கோப்பையோட நிண்டது நான். நீங்கள் கிணத்தடிக்குப் போன பிறகும் அந்த மனுசன் அங்கதான் நிண்டவர். அவருக்கும் கை ஆடும். இழுத்துப் பிடிக்கமாட்டார், ஆட விட்டிடுவார். அது தானா ஓயேக்க, ரெண்டு கையையும் நெஞ்சு வழியா இறக்கி, தொப்புளுக்குக் கீழ ஒண்டுக்குமேல ஒண்டா வைச்சு நிப்பார். சோத்தில ஆவி அடங்கிற மட்டும். பிறகு உள்ளங்கையை உரசி முகத்தைத் துடைச்சுப்போட்டுத்தான் சாப்பிட வருவார். ஒவ்வொரு நாளும் சோறு ஆறுதெண்டு எனக்கு அவரில கோவம்."

இளையதம்பியர் வாயைப் பிளந்தார். "இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"பரியாரியாரைக் கேட்டியள். ஊரெல்லாம் கேட்டியள். என்னை ஒருநாளாவது கேட்டனீங்களே? வாயெடுத்தாலும் சும்மா இரு எண்டியள்."

அவ என்னையும் ஒரு பார்வை பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

இராசமலர் பாலை மரத்தடியில் தானே நின்று காட்டினா. அவர் பக்கத்தில் நின்றார். கை வீசியது. "பிடியாதேங்கோ, விடுங்கோ" என்றா. வெகுநேரம் ஆடி ஓய்ந்தது. கைகளை இறக்கி வயிற்றில் வைத்தார். அன்று பாதிதான் அடங்கியது. நாலாம் நாள் ஆட்டம் முழுதாக நின்றது. ஐந்தாம் நாள் என் வயலை விதைத்தார், மழை அடுத்த கிழமை வந்தது.

அவர் மனைவியிடம் மன்னிப்பு ஏதும் கேட்டதாக நான் அறியேன். அதில் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு மத்தியானமும் பாலை மரத்தடியில் கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து நின்றபடி, குசினிப் பக்கம் கேட்பார்:

"இஞ்சாரும், நிண்டது காணுமே, வரட்டே?"

இராசமலர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டுச் சொல்லுவா: "இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ."

அவர் நிற்பார்.