மலையேறப் போட்ட பல்சக்கரம்

மட்டாஞ்சேரியில் மேடு என்று தேடினால் பாலம்தான் கிடைக்கும். அந்த ஊரில் பட்டறை போட்டு, மலையேற மோட்டார் சைக்கிளுக்குப் பல்சக்கரம் மாற்றிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். வாடிக்கையாளர் வாயில் விழுந்து எழுந்த சக மெக்கானிக்குகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

முட்டி முக்கியம்

எழுபதுகளின் கடைசி. மிளகுத் தரகர் சுப்பையாவுக்கு மலைமேல் அடிமாலியில் மாமனார் வீடு. ஏற்றம் தொடங்கியதும் வண்டி முக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி ராஜம்மா இறங்கி நடக்க வேண்டும். அவளுக்கு முழங்கால் வலி வேறு. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டினால் ஏறும், ஆனால் சமதளத்தில் வேகம் குறையும் என்றேன்.

நான் நெகிழ்ந்துபோகிற மாதிரி ஒரு பதில் சொன்னார், பாவி மனுஷன்: "வேகம் போனா பரவாயில்லை மேஸ்திரி. எனக்கு அவளோட முட்டிதான் முக்கியம்."

ஆலுவா வரை அவமானம்

ஊருக்குப் போய் வந்த கையோடு பட்டறையில் வந்து நின்றார். மலை ஏறியதா? ஜம்மென்று ஏறியதாம். ராஜம்மா இறங்கவே இல்லையாம். பிறகென்ன கோபம்? மலை தொடங்கும் முன்பே வரும் ஆலுவா போவதற்குள் எஞ்சின் ஊரைக் கூட்டுகிறதாம், வருகிற பஸ்ஸெல்லாம் முந்துகிறதாம். அதைத்தான் முதலிலேயே சொன்னேனே என்றேன்.

"சொன்னீர், சரி. மீன்கூடை கட்டின சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்னு சொன்னீரா?"

பள்ளுருத்தி மலை

அப்படியும் சுப்பையா வண்டி மலையேறிய பெருமையை ஊரெல்லாம் அளந்துவிட்டார். அதைக் கேட்டு, மேடே இல்லாத பள்ளுருத்தியை விட்டு நகராத பேக்கரிக்காரர் ஒருவர் அதே பல்சக்கரம் கேட்டு வந்தார். "எந்த மலை ஏறப் போறீங்க, சேட்டா?" என்றேன். முறைத்தார்.

"மலை இல்லேன்னா பரவால்ல. தரகன் வண்டியில இருக்கிறது என் வண்டியிலயும் இருக்கணும்."

மூட்டைக்கு மரியாதை

கொஞ்ச காலம் கழித்து ராஜம்மாவே நொண்டிக்கொண்டு வந்தாள். வண்டி மறுபடி ஏறவில்லையா என்று பதறினேன். வண்டி மேல் குற்றமில்லை. நன்றாக ஏறுகிறது என்று தெரிந்ததும், தரகர் மலையில் விற்கக் கருவாட்டு மூட்டையைப் பின்னால் கட்டத் தொடங்கிவிட்டார். பாரத்தில் வண்டி பழையபடி முக்குகிறது. மூட்டையை அவிழ்த்துக் கட்ட நேரமாகுமாம். ராஜம்மாவைக் கட்டியா வைத்திருக்கிறது? அவள்தான் இறங்குகிறாள். இன்னும் பெரிய பல்சக்கரம் சும்மாவே போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் அண்ணா, கையெடுத்துக் கும்பிடறேன். இன்னும் பெருசு போட்டா மூட்டை ரெண்டாகும். அப்புறம் நான் ஆலுவாவிலேயே இறங்கணும்."

அன்றிலிருந்து பல்சக்கரம் மாற்ற வருகிறவரிடம் எந்த மலை என்று நான் கேட்பதில்லை, வழியில் இறங்கப் போவது யார் என்றுதான் கேட்கிறேன்.