மூத்தவள் புதுநன்மை வாங்கிய விதம்

நர்சம்மா "ஆ காட்டுங்க" என்று சொல்லி வாயைத் திறக்காதவர் கிடையாது. உண்மையில் அவள் நர்ஸ் படிப்புப் படித்தவள் அல்ல. பத்தாம் வகுப்போடு நின்று, பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் தரை துடைக்கச் சேர்ந்தவள். பதினோரு வருஷத்தில் கருவிகளைக் கொதிக்கவைக்கவும், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கவும், டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்பே அவருக்கு எது வேண்டும் என்று அறிந்து எடுத்துக்கொடுக்கவும் பழகிக்கொண்டாள். நர்சம்மா என்பது நோயாளிகள் வைத்த பெயர். நாளடைவில் டாக்டரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

குமட்டல்காரர்களைச் சமாளிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பல்செட்டுக்கு அளவெடுக்க ஒரு தட்டில் பசையை நிரப்பி, வாய்க்குள் அழுத்தி, அது இறுகும்வரை அசையாமல் வைத்திருக்க வேண்டும். சிலருக்குத் தட்டு உதட்டருகே வரும்போதே குடலைப் புரட்டும். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நர்சம்மா, உங்க கேஸ் வந்தாச்சு" என்பார். அவள் அந்த ஆளின் நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பாள். "மூக்கால மூச்சு விடுங்க. வலது காலைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். கீழ விட்றாதீங்க." கால் எப்போது விழுமோ என்கிற கவலையில் மனிதர் தொண்டையை மறந்துபோவார். அதற்குள் பசை இறுகிவிடும்.

இப்பேர்ப்பட்டவளின் மூத்த மகளுக்கு, ஒன்பது வயதாகியும், காய்ந்த பண்டம் எதுவும் தொண்டையில் இறங்காது. பிஸ்கட் என்றால் பாலில் ஊறி உடைந்து விழ வேண்டும். ரொட்டியின் ஓரத்தை வெட்டியெறிய வேண்டும். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

சர்ச்சில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் விஷயம் சந்திக்கு வந்தது. புதுநன்மைக்கு, அதாவது பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்கும் சடங்குக்கு, ஒத்திகை பார்க்க சிஸ்டர் பிள்ளைகளுக்கு வெறும் அப்பத்தைக் கொடுத்திருக்கிறார். பூசையில் வைக்காத, சாதாரண மாவு வில்லை. மூத்தவள் அதை வாயில் வாங்கினாள். அடுத்த நொடி காலையில் குடித்த பாலோடு சேர்த்து முன்னால் நின்றவளின் புது ஷூவில் வாந்தி எடுத்தாள். மற்ற பதினான்கு பிள்ளைகளும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்த வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றுவிட்டாள்.

நர்சம்மா பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தாள். "அப்ப வீட்லயே சொல்லிக்குடுங்க. கடைசியில நான் கேள்வி கேப்பேன், பதில் சொன்னா போதும்" என்று ஃபாதர் பாடப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார்.

தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால்வரை சமையலறை மேஜையில் பாடம் நடந்தது. கிளினிக்கில் துடைப்பதுபோலவே மேஜையை உள்ளிருந்து வெளியே ஒரே போக்கில் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பாள். அன்றைய பாடத்தை முந்தின நாளே பஸ்ஸில் மூன்று தடவை படித்திருப்பாள். தனக்குப் படிப்பு குறைவு, சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் தப்பாகிவிடும் என்று பயம். அதனால் புத்தகத்தில் இருந்ததை இருந்தபடி, ஒரு எழுத்துக் குறையாமல் சொல்லிக்கொடுத்தாள். முடிந்த கேள்விக்கு நேரே சிவப்புப் பென்சிலால் டிக் போட்டாள்.

அப்பம் விழுங்கும் பயிற்சி தனி. அப்பம் செய்யும் கன்னியர் மடத்தில் வட்டம் வட்டமாக வெட்டியெடுத்தபின் மிஞ்சும் ஓரங்களை ஒரு பை நிறைய வாங்கிவந்தாள். முதல் வாரம் கடுகளவு. இரண்டாம் வாரம் நகமளவு. உப்பு, மூக்கு மூச்சு, தூக்கிய கால் என்று கைவசம் இருந்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினாள். நான்கு வயதுப் பாப்பா எதிரே உட்கார்ந்து, பையில் கையைவிட்டு அள்ளி அள்ளித் தின்றாள்.

"அக்கா, இது நல்லாவே இல்ல. இன்னும் குடு."

மூன்றாம் வாரக் கடைசியில் முழு அளவுத் துண்டு மூத்தவளின் தொண்டையில் இறங்கியது. குளித்துவிட்டு வந்த அப்பா கைதட்டினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மூத்தவள் கேட்கும் கேள்விகளுக்குப் பயந்து அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"வக்கீலம்மா ஜெயிச்சாச்சு. இனிமே என்ன?"

இனிமேல் பதினான்காம் பாடம் இருந்தது. பூசையில் ஃபாதர் 'இது என் உடல்' என்ற வார்த்தைகளைச் சொன்னபிறகு அப்பம் அப்பமல்ல, ஆண்டவரே என்பது அந்தப் பாடம். எவ்வளவு சிறிய துகளிலும் அவர் முழுமையாக இருக்கிறார் என்றும் இருந்தது. நர்சம்மா வாசித்தாள். மூத்தவள் கையை மேஜைமேல் மடக்கிவைத்துக் கேட்டாள்.

"துகள்னா எவ்ளோம்மா?"

"கண்ணுக்குத் தெரியற அளவு."

"பல்லிடுக்குல மாட்டிக்கிட்டா?"

"நாக்கால தடவி எடுத்து முழுங்கிடணும்."

"குமட்டி வெளிய வந்துட்டா? அவரத் துப்புன மாதிரி ஆயிடுமா?"

நர்சம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் வராது. நீதான் நல்லா பழகிட்டியே."

"நான் பழகுனது மாவும்மா. அது அவர் இல்லையே."

 நர்சம்மா பதில் தேடி முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டினாள்.

மறுநாள் காலை பையிலிருந்து எடுத்த துண்டு நாக்கில் பட்டதும் மூத்தவளின் கழுத்து நரம்பு புடைத்தது. வலது காலைச் சொன்னபடி தூக்கினாள். தூக்கிய காலோடேயே வாந்தி எடுத்தாள். அடுத்த நாளும் அப்படியே. உப்பை எடுத்துக்கொண்டு அருகில் போனால் கையைத் தள்ளினாள்.

"நன்மை வாங்க ஒரு மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு நீதானே சொன்ன? உப்பு சாப்பாடு இல்லையா?"

"ஒரு சிட்டிகைதானடி."

"துகள்கூட முழுசுதான்னு சொன்ன. உப்புக்கு மட்டும் கணக்கு வேறயா?"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பார்த்திருந்தார். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா, மேல போய் சக்கரத்தக் கையால சுத்தி இறக்கிடுவேன். இத எங்க போய்ச் சுத்துறது?" என்றார். யாரும் சிரிக்காததால் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நர்சம்மாவால் ஒரே ஒரு காரியம் செய்திருக்க முடியும். 'அது அவ்வளவு பெரிய விஷயமில்லை, சும்மா முழுங்கு' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இத்தனை நாளாக அவளே டிக் போட்டுச் சொல்லிக்கொடுத்தது அது. இன்னொன்றும் அவளை உறுத்தியது. அவளும் பூசைக்குப் போனபோதெல்லாம் நன்மை வாங்கியிருக்கிறாள். ஒருநாளாவது இந்தப் பிள்ளை பயந்த பயத்தில் கால்வாசி அவளுக்கு வந்ததுண்டா?

ஃபாதரின் அலுவலக அறையில் கேள்விகள் முடிந்தன. இருபதுக்கு இருபது. ஃபாதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "வகுப்புக்கு வந்ததுங்ககூட இப்டி சொல்லல" என்றார். அதன்பிறகு நர்சம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"இவ்ளோதானா? கால்வாசித் துண்டா உடைச்சுக் குடுக்கறேன் குட்டி."

"கால்வாசியிலும் முழுசா அவர்தானே ஃபாதர்?" என்றாள் மூத்தவள்.

ஃபாதர் நர்சம்மாவைப் பார்த்தார். "யாரு இவளுக்குச் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான் ஃபாதர்."

"ம்." அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, பயமா இருந்தா அடுத்த வருஷம் வாங்கலாமா?"

"அடுத்த வருஷமும் அவரேதானே இருப்பாரு?"

ஃபாதர் வாய்விட்டுச் சிரித்தார். துண்டு வாயிலிருந்து வெளியே வந்துவிட்டால் தான் எடுத்துக்கொள்வதாகவும், ஆண்டவர் குழந்தைகளிடம் கோபித்துக்கொள்கிறவர் அல்ல என்றும் சொல்லி, மூத்தவளின் தலையில் கைவைத்து அனுப்பினார். அவள் வாசல்வரை வந்து, "கோவிச்சுக்க மாட்டார்னு எனக்கும் தெரியும். அதுக்காகத் துப்பலாமா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

புதுநன்மை ஞாயிற்றுக்கிழமைக்கு கிளினிக்கில் லீவு சொல்லியிருந்தாள் நர்சம்மா. வெள்ளை உடையில் பதினைந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மூத்தவள் ஐந்தாவது. நர்சம்மாவுக்குப் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. பாப்பாவை அப்பா தோளில் போட்டிருந்தார். ஃபாதர் சொன்னபடியே ஒரு அப்பத்தை உடைத்து, சின்னத் துண்டை எடுத்தார். மூத்தவள் "ஆமென்" என்றாள். அந்தக் குரல் பின்வரிசைவரை கேட்டது. வாயைத் திறந்தாள். மூடினாள்.

திரும்பி வந்து முழங்காலிட்டவளின் தோள்கள் ஒருதரம் குலுங்கின. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. நர்சம்மாவின் வலது கைவிரல்கள், குழாயைப் பிடிப்பதுபோலத் தாமாகவே மடங்கின. இடையில் ஆறு பெஞ்சு. எழுந்து ஓடினாலும் போய் என்ன செய்வது? யாருடைய வாய்க்குள்ளும் கையை விட்டவளுக்கு அந்த வாய்க்குள் விட ஒன்றுமில்லை.

வாந்தி வரவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை.

போட்டோக்காரர் "சிரிம்மா, பல்லு தெரியட்டும்" என்றார். தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் கேக்கை ஊட்ட வந்தார்கள். தலையை ஆட்டினாள். தண்ணீர்? அதற்கும் ஆட்டினாள். "என்னடி, வாய்க்குப் பூட்டா? சாவி யார்ட்ட இருக்கு?" என்று அத்தை கன்னத்தைக் கிள்ளினாள். "சாமி வந்ததும் எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியல போல." எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவள் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

நர்சம்மா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அது எப்பவோ கரைஞ்சிருக்கும்டி. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது."

மூத்தவள் விரலால் கடைவாய்ப் பல்லைச் சுட்டிக்காட்டினாள்.

"ஒட்டியிருக்கா? காட்டு, அம்மா பாக்கறேன். ஆ காட்டு."

உதடுகள் இன்னும் இறுகின.  வெளியே தட்டுகள் ஓசைப்பட்டன, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், பாப்பா கேக்குக்கு அழுதாள். அவள் போகவில்லை. வெள்ளை உடை கசங்குமே என்றுகூட நினைக்காமல் மகளைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளையின் தாடை அவள் கையில் சூடாக அழுந்தியிருந்தது. நாக்கு உள்ளே பல் பல்லாகத் தேடிக்கொண்டிருப்பது அந்தத் தாடை வழியாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. விருந்தாளிகள் சாப்பிட்டுக் கைகழுவும் சத்தம் கேட்டது.

பிறகு தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மறுபடி ஒருமுறை. மூத்தவள் நிமிர்ந்து, உடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அம்மா, பாப்பாவுக்கு நீ சொல்லிக்குடுக்காத. வகுப்புக்கே அனுப்பிடு."

"ஏன் கண்ணு? அம்மா தப்பா சொல்லிக்குடுத்துட்டேனா?"

"இல்ல," என்றாள் மூத்தவள். "சரியா சொல்லிக்குடுத்துட்ட."