செவ்வாய்க்கிழமை மாத்திரை

தொண்ணூறுகளில் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு ஆதம்பாக்கத்தில். பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் ஒன்பதரைக்குக் கடையில் நிற்கலாம். நிற்கலாம் என்பது சரியான சொல்தான். கடை மூடுகிறவரை உட்கார முடியாது.

முப்பத்தெட்டு வயதில் எனக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. பின்கழுத்தில் கனமாக இருக்கிறது என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். தினமும் காலையில் ஒரு மாத்திரை, வாழ்நாள் முழுக்க நிறுத்தக்கூடாது என்றார். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. எனக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அது நீர் பிரிய வைக்கிற மாத்திரை. முதல் நாள் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். சைதாப்பேட்டை வருவதற்குள் தெரிந்துவிட்டது. கடையில் பெண் ஊழியர்களுக்கு ஒரே கழிப்பறை, அதுவும் ஐந்தாவது மாடியில். நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி. லிஃப்டில் நாங்கள் ஏறக்கூடாது. போகிறவர்கள் சூப்பர்வைசர் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அன்று மத்தியானத்துக்குள் நான்கு தடவை சொன்னேன். நான்காவது தடவை அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கூனிக்குறுகிப் போனேன்.

அதன்பிறகு வார விடுமுறையான செவ்வாய்க்கிழமை மட்டும் மாத்திரை போட்டேன். தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லவில்லை. பிரஷர் ஏன் இறங்கவில்லை, உப்பைக் குறைத்தாயா இல்லையா என்று டாக்டர் கோபித்துக்கொள்வார். குறைத்தேன் சார் என்பேன். அது உண்மைதான். எனக்காக வீட்டில் எல்லோரும் சப்பென்ற ரசத்தைச் சாப்பிட்டார்கள். மீந்த மாத்திரைகள் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் சேர்ந்துகொண்டே போயின.

இரண்டாவது தீபாவளி வந்தது. பண்டிகைக்கு முந்தின மாதம் முழுக்க விடுமுறை கிடையாது. எனவே மாத்திரையும் கிடையாது. ஒரு மத்தியானம் கல்யாண வீட்டார் முன்னால் அரக்கு நிறப் புடவை ஒன்றை விரித்துக்கொண்டிருந்தேன். உதட்டில் ஏதோ சூடாக வழிந்தது. வியர்வை என்று நினைத்தேன். கல்யாணப் பெண்தான் மெதுவாக, “அக்கா, மூக்குல ரத்தம்” என்றாள். பட்டில் படாமல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் புடவையைக் காப்பாற்றத்தான் எனக்குத் தோன்றியது. இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

பக்கத்துக் கவுன்ட்டர் பெண் என்னைக் கூட்டிப்போய்ப் படிக்கட்டில் உட்காரவைத்தாள். அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். “இன்னாக்கா, இந்த மாசம் மாத்திரையே போடலியா?” என்றாள். பின்னாலேயே வந்த அண்ணாச்சி காதிலும் அது விழுந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டார். அவள்தான் எனக்காகச் சொன்னாள்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். பிறகு அவரே, “எப்படிச் சொல்லுவீங்க” என்றார்.

ஆட்டோ பிடித்து அவளையும் துணைக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்கவைத்தார்கள். கிளம்பும்போது, அங்கே புதிதாக வந்திருந்த இளம் பெண் டாக்டர், மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறேன் என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அப்படி நீர் பிரியாத வேறு மாத்திரையும் இருக்கிறது என்று சொல்லி எழுதிக்கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். அதற்கு எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

தீபாவளி முடிந்ததும் எங்கள் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் வந்தது. மேல் தட்டிலிருந்து புடவை எடுக்க என்று முதலாளியிடம் அண்ணாச்சி சொல்லிவைத்திருந்தார். கூட்டம் இல்லாத நேரத்தில் முறைவைத்து உட்கார்ந்துகொண்டோம். கழிப்பறை மட்டும் நான் வேலையை விடுகிறவரை ஐந்தாவது மாடியிலேயே இருந்தது.

பிரஷர் மெல்ல இறங்கியது. சில வருஷம் கழித்து ஒரு பரிசோதனையில், சிறுநீரகம் கொஞ்சம் பழுதாகியிருக்கிறது என்றார்கள். நான் மாத்திரை போடாமல் இருந்ததாலா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.